என் இருதயத்துக்குச் சமைத்த கீரை

பூண்டு இருதயத்துக்கு நல்லது என்று எனக்குச் சொன்ன யாரும் ஒரு பல் பூண்டு உரித்துத் தந்ததில்லை. சொன்னது அவர்கள், உரித்தது நான். வல்லாரை நல்லது என்றார்கள். சந்தைக்குப் போய் வாங்கி, மண் போக அலசி, பொடியாக அரிந்து சம்பல் போட்டதும் நான்தான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எனக்கு உப்பில்லாமல் ஒரு சட்டி, அவர்களுக்கு உப்போடு ஒரு சட்டி என்று இரண்டு சட்டி வைத்து, இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். நோய் வந்த வருத்தக்காரிக்கு ஓய்வு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வேலைதான் இரண்டு மடங்கானது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்று அறை வீடு. நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். சண்டைக் காலம், தமிழர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். பதிந்திருந்ததும் அந்த நாலு பேர்தான். ஆனால் வீட்டில் இருந்ததோ பதினொரு பேர். கணவர் யாழ்ப்பாணத்து ஆள். அவருடைய தமையன், தமையனின் மனைவி, மகன், ஒன்றுவிட்ட தங்கை, அவளுடைய பிள்ளைகள், இன்னும் ஒரு தூரத்துச் சொந்தம் என்று எல்லோரும் வெளிநாடு போவதற்காக எங்கள் வீட்டில் வந்து நின்றார்கள். அவர்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் இரண்டு கிழமை, பதினாலே நாள் என்பான். அந்த இரண்டு கிழமை முடியவே முடியாது. ஒருவர் விமானம் ஏறினால் அந்தப் பாயில் படுக்க இன்னொருவர் வவுனியா தாண்டி வந்து இறங்குவார். புதிதாக வந்தவர்களைப் பதியப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, நாளைக்குப் போவோம் நாளைக்குப் போவோம் என்றே காலம் போனது.

"லொட்ஜில நிண்டால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். பாவங்கள்" என்பார் கணவர்.

பாவங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்களை வாசலில் நிற்க வைக்க எனக்கும் மனம் வராது. ஆனால் பாவம் பார்த்தது அவர், விடிய எழும்பி பதினொரு பேருக்குப் பிட்டு அவித்தது நான். அவித்து வைத்துவிட்டுப் புதுக்கடைக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தேன்.

அது முதன்முதலில் வந்தது அந்தப் பஸ்ஸில்தான். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, திரும்ப ஏறி உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ குழம்பியது. பயத்தில் இருதயம் படபடப்பது எனக்குப் பழக்கம். கொழும்பில் அந்த நாளில் எந்தத் தமிழருக்குத்தான் அது பழக்கமில்லை? ஆனால் அந்தப் படபடப்பில் ஓர் ஒழுங்கு இருக்கும். இது ஒழுங்கே இல்லாமல், இரண்டு அடித்து, ஒன்று விட்டு, பிறகு நாலைந்து ஒன்றாக ஓடி, பறிக்குள் போட்ட மீன் துள்ளுவது போல இருந்தது. கந்தோர்ப் படியில் ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருதய டொக்டர் ஒரு சிங்களவர். நல்ல மனிதர், அவசரப்படாமல் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். ஈசிஜித் தாளில் கோடுகள் கண்டபடி ஓடியிருந்தன. இருதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்றார். அங்கே இரத்தம் தேங்கி உறையலாம், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்றார். துடிப்பைக் குறைக்க ஒரு குளிசை, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, அந்தக் குளிசையின் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை. அதற்கு மேல் கோப்பியைக் குறை, உப்பைக் குறை, உடம்பைக் குறை, தினமும் நட, நன்றாகத் தூங்கு, யோசிக்காதே. யோசிக்காதே என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பக்கம் விழுந்துவிடும் என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. சாவைப் பற்றி நான் அவ்வளவு யோசிக்கவில்லை. கையும் காலும் வாயும் இழுத்துப் படுக்கையில் கிடந்தால் அந்த வீட்டில் எனக்கு யார் சோறு ஊட்டுவது என்றுதான் யோசித்தேன். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

நடக்கத் தொடங்கினேன். எங்கள் ஒழுங்கை முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். நல்ல காற்று. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பெடியன் மறித்தான்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்டான்.

"நிகங் எவிதினவா" என்றேன். சும்மா நடக்கிறேன்.

"நிகங்?" என்று அவன் திருப்பிக் கேட்ட விதத்தை நான் மறக்கவில்லை. தமிழ்ப் பெண்ணொருத்தி காலையில் ரயில் பாதையோரம் சும்மா நடப்பாள் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் கொழும்பு என்று இருந்தது, அதனால் விட்டான். இருதயத்துக்காக நடக்கப் போய், அது தறிகெட்டு அடிக்கத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு கோயிலைச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரிய பக்திக்காரி என்று பெயரும் வந்தது.

இதற்குள் என் வருத்தம் ரொறன்ரோ வரைக்கும் போய்விட்டது. கணவரின் தங்கை தொலைபேசியில் வந்தாள்.

"மச்சாள், உந்தக் குளிசையளை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ. மக்னீசியம் எடுங்கோ, மீன் எண்ணெய் எடுங்கோ. இஞ்ச எல்லாரும் அதுதான் எடுக்கினம்."

அங்கிருந்து வந்த யாரோ ஒருவர் கையில் போத்தல்கள் வந்து சேர்ந்தன. மக்னீசியம், மீன் எண்ணெய், பூண்டையே அடைத்த குளிசை. பூண்டுக் குளிசையைக் கண்டதும் இனி உரிக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அது போதாது, பச்சைப் பூண்டும் வேண்டும் என்றார் பெரியத்தான். அவர்தான் கணவரின் தமையன். ஊரில் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. அது அவருடையதாகிவிட்டது.

"பிள்ளை, டொக்டர் தந்த குளிசை என்னெண்டு தெரியுமே? எலிக்கு வைக்கிற பாசாணம். நான் வாசிச்சனான். அதைப் போய்த் தினமும் விழுங்கிறீரே" என்றார்.

"அப்ப நான் எலியெண்டு நினைச்சு விழுங்கிறன் பெரியத்தான்" என்றேன். கணவர் என்னை முறைத்தார்.

அந்தக் குளிசையை நான் ஒரு நாளும் விடவில்லை. டொக்டர் மேல் நம்பிக்கை பாதி, பெரியத்தான் மேல் எரிச்சல் பாதி. போத்தல்களில் வந்ததையும் விழுங்கினேன். விழுங்காவிட்டால் தொலைபேசி வரும்போதெல்லாம் கணவர் தலை குனிய வேண்டும், அது ஒரு சண்டை. எல்லாவற்றையும் விழுங்கியும் இரத்தப் பரிசோதனை ஒரு மாதம் ஏறியது, ஒரு மாதம் இறங்கியது. டொக்டர் குளிசையைக் கூட்டினார், பிறகு குறைத்தார், திரும்பக் கூட்டினார். பல் தீட்டும்போது முரசிலிருந்து இரத்தம் வந்தது. கதவு நிலையில் சாடையாக இடித்தாலே கை நீலம் பாரித்தது. பாசாணம் வேலையைக் காட்டுகிறது என்றார் பெரியத்தான், கதிரையில் இருந்தபடியே.

போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனேன். கணவரும் வந்தார். டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார். சாப்பாடு ஒழுங்கு, தினமும் கீரை, தினமும் பூண்டு, உப்பு இல்லை, நடை உண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தார். டொக்டர் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து வாசித்தார். மீன் எண்ணெயையும் பூண்டுக் குளிசையையும் ஒரு பக்கம் தள்ளினார். குளிசை செய்யும் வேலைக்கு மேல் இவையும் சேர்ந்து இரத்தத்தை இளக்கலாம், என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று கடிந்தார். கீரை அதற்கு நேர்மாறு, அந்தக் குளிசையை வேலை செய்ய விடாது என்றார். அதற்காகக் கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவு சாப்பிட்டால் அதற்கு ஏற்றபடி குளிசையை வைக்கலாம் என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, நேற்று எவ்வளவு கீரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று வல்லாரைச் சம்பல் எனக்கு வரவில்லை. இருதயத்துக்கு நல்லது என்று ஆண்கள் இரண்டு தரம் போட்டுக்கொண்டார்கள். நான் சொதியோடு சாப்பிட்டேன். முந்தின நாள் முளைக்கீரைக் கடையல். பிள்ளைகள் தொடவில்லை, ஆண்களுக்கு மீன் குழம்பு இருந்தது, முழுச் சட்டியும் எனக்குத்தான் வந்தது. எறியவா முடியும்? வழித்துச் சாப்பிட்டேன். என் இருதயத்துக்கென்று தினமும் கீரை சமைத்தேன். அதில் எவ்வளவு எனக்குக் கிடைக்கும் என்பதை மற்றப் பத்துப் பேரின் வயிறுதான் தீர்மானித்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கே விளங்கியது. முகம் சுடத் தொடங்கியது.

"மிஞ்சுவதைத்தான் நான் சாப்பிடுகிறேன், டொக்டர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவருக்கு அது பிடிபடவில்லை. சிறிய குடும்பம்தானே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு பேர்" என்றார் கணவர். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. சாவடியில், பொலிசில், கதவைத் தட்டிக் கேட்பவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருடைய வாய்க்கு அந்தப் பதில் பழகியிருந்தது. எங்கள் வீட்டில் சின்னவளுக்குக்கூட அது பாடம். ஆனால் கேட்டவர் கழுத்தில் தொங்கியது இருதயத்தைக் கேட்கும் கருவி. எனக்கு வந்த கோபத்தில் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினொரு பேர்" என்றேன், உரத்து. "பதினொரு பேருக்கும் நான்தான் சமைக்கிறேன். கடைசியாகச் சாப்பிடுவதும் நான்தான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் யார் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, என்றார். இவருடைய பங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும், கீரை தினமும் ஒரு தேநீர்க் கோப்பை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது, இல்லாவிட்டால் நான் குளிசையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பேன், ஒரு நாள் இவர் விழுந்துவிடுவார் என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கணவர் சாரதிக்குக் கேட்காமல் குசுகுசுத்தார்.

"உமக்கு விசரே? சிங்கள டொக்டரிட்டப் போய்ப் பதினொரு பேர் எண்டு சொல்லுறீர்?"

"அந்த மனிசன் என்ர வருத்தத்துக்குக் கேட்டது."

"ஆர் கண்டது? எங்கயாவது ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அண்ணையின்ர பெடியனை இண்டைக்கே தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித் தூக்கப்பட்ட பெடியன்களின் தாய்மார் கந்தோரில் எனக்கு முன்னால் அழ அழ, நான் அவர்கள் சொன்னதைத் தட்டெழுதியிருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது என்று தெரிந்திருந்ததுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது. தமையனுக்காகப் பயப்பட்டார், தமையன் மகனுக்காகப் பயப்பட்டார், ஏஜென்சிக்காரனுக்குக்கூடப் பயப்பட்டார்.

"அப்ப நான் விழுந்தால்?" என்று கேட்டேன்.

"நீர் விழமாட்டீர்" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். பெரியத்தானின் மனைவி வாசலிலேயே சிரித்துக்கொண்டு சொன்னா: "அரிசி களைஞ்சு வைச்சிருக்கு. நீங்கள் வந்து உலையில போட்டால் சரி."

செருப்பைக் கழற்றிவிட்டு உலையில் போட்டேன். சோறு வடித்தேன், மீன் குழம்பு வைத்தேன், கீரை கடைந்தேன். எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். பெரியத்தான் வழக்கம் போல முதலாவதாக மேசையில் வந்து இருந்தார். நான் ஒரு கோப்பையை எடுத்துக் கீரையை அள்ளி, என் தட்டில் கவிழ்த்தேன். சோற்றைப் போட்டேன், நடுத்துண்டு மீனையும் எடுத்து வைத்தேன். பிறகு அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மற்றத் தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"என்ன பிள்ளை, பசி வந்திட்டுதோ?" என்றார் பெரியத்தான், பகிடி போல.

"ஓம்" என்றேன். "நான் சாப்பிட்டு முடியுமட்டும் பொறுங்கோ."

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சோற்றைக் குழைத்து ஒரு பெரிய கவளமாக வாயில் வைத்தேன். நாக்குச் சுட்டுவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் சோறு வடித்தவள் நான். சுடுசோற்றை ஊதிச் சாப்பிட வேண்டும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.