சால்வையும் விசிலும்

'சிறப்பு விருந்தினர்: நூர்தீன்' — தருமபுரம் வாலிபால் போட்டி நோட்டீஸில், போன ஞாயிறு தேதிக்குக் கீழே இப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். 'நடுவர்' என்ற இடத்தில் வேறு ஒருவர் பெயர்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் விசில் என்றால் நூர்தீன் பாய்தான். துபாயிலிருந்து திரும்பிய நாள் முதல் அப்படி. சர்க்கரை நோயால் சில மாதம் முன்பு அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரே அவரிடம் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தது... நானும்தான்.

தருமபுரம் கேப்டன் செல்வம்தான் விழா ஏற்பாடு. சால்வை போர்த்தி, பந்தல் நிழலில் உட்கார வைத்தான். பாய் சால்வையை மடித்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் விசிலை எடுத்தார்!

சிரமப்படாதீர்கள், வேடிக்கை பாருங்கள் போதும் என்று செல்வம் கெஞ்சினான்.

"இத்தனை வருஷமா மேல ஏறி ஒரே இடத்துலதானே தம்பி நின்னேன்? அதுக்குக் கால் எதுக்கு? தூக்கி வைங்கப்பா."

உண்மைதானே? வாலிபாலில் முதல் நடுவர் வலையோரத்து உயரமான மேடையில் ஏறினால், ஆட்டம் முடியும்வரை நகர்வதே இல்லை. எடுத்த காலையே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

வலையோரம் இரண்டு மேஜைகளைச் சேர்த்து, நாற்காலியோடு அவரைத் தூக்கி வைத்தார்கள். செல்வமும் ஒரு கை கொடுத்தான். நடுவராக வந்திருந்தவர் சிரித்தபடி இரண்டாவது நடுவராக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

எதிரணி காரைக்கால்மேடு. கடைசி செட், 14-13, மேடு முன்னிலை. செல்வம் எகிறி ஓர் அடி அடித்தான். பந்து தரையில் இறங்கியது... ஊரே ஆர்ப்பரித்தது.

விசில்.

பாய் கையால் வலையைக் காட்டினார். நெட் டச். பாயிண்ட், கோப்பை — இரண்டும் மேட்டுக்கு.

செல்வம் பாய்ந்து வந்தான். "கண்ணை எங்க வச்சிருந்தீங்க பாய்? நான் தொடவே இல்ல!"

"தொட்டே. தள்ளி நில்லு."

அவன் தள்ளி நிற்கவில்லை. பாய் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார். கூட்டம் கத்தியது. 'கண்ணாடி மாத்து பாய்' என்று பின்னாலிருந்து ஒரு குரல். மெல்லிய குரல் ஒன்றுகூட மைதானத்தில் மிச்சமில்லை!

பாயின் முகத்தைப் பார்த்தேன். கோப்பை வாங்கிய மேட்டுப் பையன்கள்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

கீழே இறக்கும்போதும் நாற்காலியின் ஒரு பக்கம் செல்வம்தான். இறக்கி முடிக்கும்வரை சண்டை ஓயவில்லை. அடுத்த போட்டிக்கும் நீங்கள்தான் நடுவர், ஆனால் அது டச் இல்லை என்றான்.

செல்வத்தின் விரல் வலையில் பட்டதா? ஸ்கோர் எழுதிய நான் அந்த நேரம் பார்த்து ஷீட்டில் குனிந்திருந்தேன். ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன் — இதுவரை உறுதியாகவில்லை.