ஏழாவது பாட்டு

மகள் என் போனில் பத்துப் பாட்டுகளை ஏற்றிவிட்டு, "அப்பா, ஒன்பதுதான் ஆல்பத்தில வரும். ஐஞ்சாவதை எடுக்கிறதோ ஏழாவதை எடுக்கிறதோ எண்டு எங்கட பாட்டுக்குழு மூண்டு பேருக்கும் சண்டை. நீங்கள் கேட்டுட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

குசினிக்குள் இருந்து மனைவி சிரித்தாள். "இவரிட்டயோ கேக்கிறாய்? இவ்வளவு வருசமாச் சமைக்கிறன். நல்லாயிருக்கெண்டு ஒரு சொல் வந்திருக்கோ?"

"அதுதான் அம்மா, அப்பாவிட்டக் கேக்கிறன். நீங்கள் எல்லாத்தையும் நல்லமெண்டுதானே சொல்லுறியள்."

"அதில எது நீ செய்தது?" என்றேன்.

"சொல்ல மாட்டன்."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என் பேச்சை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. பயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறி, மூலையில் இருந்து கேட்கத் தொடங்கினேன். அமெரிக்க மலைக்காரரின் புளூகிராஸ், இந்தப் பிரெஞ்சு ஊர் நாட்டுப்பாட்டு, கொஞ்சம் ராக், எல்லாம் கலந்தது என்று சொல்லியிருந்தாள். கரண்டில் வாசிக்கிற வாத்தியம் ஒன்றும் இல்லை. மகளின் கிட்டார், ஒரு பெடியனின் பாஞ்சோ, இன்னொரு பிள்ளையின் வயலின். ஐந்தாவதில் பாட்டுச் சொல்லே இல்லை. பாஞ்சோ முன்னால் ஓட, வயலின் விடாமல் துரத்தியது. திடீரென்று எல்லாரும் எழும்பினார்கள். கடைசி ஸ்டேஷன். நான் இறங்கவேண்டிய கோட்-டெ-நெய்ஜ் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் துடைப்பு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

திரும்பி வந்து, பனியில் வழுக்கி வழுக்கி ஓடும்போதுதான் ஏழாவது போனது. அதிலும் சொல் இல்லை. என் மூச்சுத்தான் கூடக் கேட்டது.

பின்னேரம் மகள் வாசலிலேயே நின்றாள். "எது அப்பா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஐஞ்சாவதில நான் இறங்கிற இடத்தையே விட்டிட்டன்."

என் பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். "அது பாஞ்சோப் பெடியன்ர. ஏழாவதுதான் என்ர."

"அதை ஓடி ஓடித்தான் கேட்டனான், பிள்ளை. இன்னொருக்காக் கேக்கிறன்."

"வேண்டாம் அப்பா. இறங்கிற இடத்தை விட்டதெண்டால் விட்டதுதான்."

ஆல்பம் ஒன்பது பாட்டோடு வந்தது. ஏழாவது என் போனில் மட்டும் இருக்கிறது. காலையில் அதைத்தான் கேட்கிறேன். இதுவரை அது என்னைக் கடைசி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில், குளிரென்றாலும், அது முடியும் வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.