குங்குமம் ஓடிய பாஸ்போர்ட்

மூலை வெட்டி ரத்து செய்த அந்தப் பழைய பாஸ்போர்ட் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கிறது. உள்ளே ஐந்தாறு பக்கங்கள் குங்குமம் ஓடிச் சிவந்திருக்கும். அந்தக் குங்குமத்தை வைத்தவள் நான்தான்.

பாஸ்போர்ட் என் மதினியுடையது, அண்ணன் மனைவி. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். ஏஜெண்டு யாரையும் நம்பாமல், டூட்டி முடிந்து வந்து போனில் தானே தேடித் தேடி, அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினார். விசா ஏற்பாடு, விமான டிக்கெட், போய் இறங்கியதும் ஒரு மாதம் தங்க இடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. "கூப்பிடுதது அவுக. கூட்டிட்டுப் போறதும் அவுகதான் செய்யணும்" என்பார். இந்தப் பேச்சுக்காகவே சொந்தத்தில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. எனக்குப் பிடித்ததும் அதற்காகத்தான்.

புது வண்டியோ வீட்டுப் பத்திரமோ, எது வந்தாலும் சாமி காலடியில் வைத்துக் குங்குமம் இடுவது எங்கள் வழக்கம். பாஸ்போர்ட்டை மட்டும் விடுவோமா? குற்றாலம் கோயிலில் வைத்து வாங்கி, முதல் பக்கத்தில் தாராளமாக அப்பினேன். வெளியே நல்ல சாரல். அருவியைப் பார்த்து நின்ற நேரத்தில் பாஸ்போர்ட் இருந்த பை நனைந்தது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் குங்குமம் கரைந்து பக்கம் பக்கமாக ஓடியிருந்தது. அதில் விசா கிடைக்காது. வேலையில் சேர ஐந்து வாரம்தான் இருந்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை.

"சாமியே போவாண்டாம்னு சொல்லுது" என்றார் பெரியப்பா. அம்மாவும் தலையாட்டினாள்.

மதினி நிமிர்ந்து பார்த்தார். "சாமி ஒண்ணும் சொல்லல மாமா. தண்ணி பட்டா குங்குமம் கரையும், அவ்வளவுதான்."

தொலைந்துவிட்டதாகச் சொல் என்று யோசனை சொன்னவர்களையும் அவர் சட்டை செய்யவில்லை. கறைபட்ட பக்கங்களைப் படமெடுத்து, நடந்ததை நடந்தபடி அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினார். "உண்மையச் சொல்லி வேலை போனா போட்டும்" என்றார். மூன்று நாள் வீட்டில் யாரும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் பதில் வந்தது: புது பாஸ்போர்ட் எடுங்கள், காத்திருக்கிறோம்.

புதியது வந்ததும் அம்மா மறுபடியும் குங்குமச் செப்போடு வந்தாள். மதினி பாஸ்போர்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நெற்றியை நீட்டினார். "இங்கன வைங்க அத்தை. போறது நான்தான."

மதினி அயர்லாந்து போய்ச் சில வருஷம் ஆகிறது. போன வாரம் எனக்கு பாஸ்போர்ட் வந்தது. நானும் நர்ஸ்தான். மதினி போலவே வெளிநாட்டு வேலையை நானே தேடிக்கொண்டேன், விசாவும் டிக்கெட்டும் கூப்பிடுகிறவர்கள் பொறுப்பு. அம்மா செப்பைத் திறந்தாள். பீரோவிலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "வைக்கணும்னா இதுல வைம்மா. இதுக்குப் பழக்கம்." பிறகு நெற்றியைக் காட்டினேன்.

நாற்காலியில் இருந்த பெரியப்பா பேப்பரை இறக்கினார். "ஏட்டி, நீயுமா?"

"ஆமா பெரியப்பா. நானும்தான்."