லில்லாவின் மொட்டுகள்

லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் இரண்டு செடிகள் அருகருகே நின்றன. ஒன்று இந்தச் சிசிலித் தீவின் ஓடைக்கரைகளில் தானாக வளர்வது. இலை நம்முடைய நொச்சியைப் போலவே இருக்கும். கோடையில் ஊதாக் கதிர் கதிராகப் பூக்கும். மற்றது லில்லா, குளிர்நாடுகளில் வாசமுள்ள பூக்கொத்துகள் விடும் செடி. கணவர் இறந்த பிறகு வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், தான் பிறந்த வடக்கு மலையூரிலிருந்து வேரோடு கொண்டுவந்து நட்டது. அது ஒரு தடவைகூடப் பூத்ததில்லை.

"இங்கே குளிர் போதாது," என்பார். ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே உயரத்துக்கு வெட்டச் சொல்வார். பதினொரு வருடம் வெட்டினேன்.

பன்னிரண்டாவது ஜனவரியில் சிஞ்ஞோரா படுக்கையில் விழுந்துவிட்டார். ஒருநாள், சியாகுல்லி ஊரில் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை செய்யும் என் கணவர் என்னைக் கூட்டிப்போக வந்தார். நான் லில்லாவில் பாதியை வெட்டி முடித்திருந்தேன்.

"நிப்பாட்டும்! என்னப்பா செய்யிறீர்?" என்று கத்தரியைப் பிடித்தார். "நொச்சி மாதிரி நிக்கிறது புதுக் கொப்பிலை பூக்கும், வெட்டலாம். இது போன வருசக் கொப்பிலையெல்லே பூக்கும். நுனியைப் பாரும்."

நுனியில் இரண்டு தடித்த மொட்டுகள். கீழே என் காலடியில் கிடந்த கொப்புகளிலும் இருந்தன.

"குளிர் காணாதெண்டுதானே சொன்னவா?"

"அதுவும்தான். ஆனா வெட்டினா எந்தக் குளிருக்கும் பூக்காது."

நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் சூப் ஊட்டும்போது சொல்லிவிட்டேன். சிஞ்ஞோரா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டச் சொன்னது நான்," என்றார். பிறகு, "எல்லாத்தையும் வெட்டிவிட்டாயா?"

"பாதி நிற்கிறது, சிஞ்ஞோரா."

அவர் என்னைக் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மறுநாள் காலை, வெட்டிய கொப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கண் சரியாகத் தெரியாததால் மொட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். அதைத் தலையணைப் பக்கத்தில் வைத்திருந்தார். அது காய்ந்த பிறகும் எடுக்க விடவில்லை.

மார்ச் மாதம் இறந்துபோனார். வெட்டாத பக்கத்தில் அப்போது இலை விரியத் தொடங்கியிருந்தது.

ஏப்ரலில் வீட்டைக் காலிசெய்ய மிலானோவிலிருந்து சிஞ்ஞோராவின் மகன் வந்தார். அன்று லில்லாவில் மூன்று கொத்துப் பூத்திருந்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன வாசம்?" என்று கேட்டார். நான் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னிடம் கத்தரியை வாங்கி ஒரு கொத்தை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கல்லறைக்கு எடுத்துப்போனார். என்னையும் வரச் சொன்னார். போனேன்.