எஸ்தர் டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்கள்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத என் வேனில் பூதான் சவாரி செய்யும். போனில் பேசியது பள்ளிக்கூட வாட்ச்மேன் அண்ணன். "பாய், நம்ம டீச்சர் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்கதானாம்." நான் நம்பவில்லை. "வெளையாடாதீங்கண்ணே. நேத்துத்தான் ஒத்தக்கடையில வேன நிறுத்தி என்னய வஞ்சுட்டுப் போனாங்க" என்றேன். அண்ணன் அழுதபோதுதான் நம்பினேன். அந்த இடத்திலேயே ஒரு ரோஜா மாலை கட்டச் சொன்னேன்.

"யாருக்கு பாய்?" என்றார் பூக்காரர்.

"எனக்குப் போட்டியா இருந்தவங்களுக்கு."

"போட்டியா இருந்தவங்களுக்கா இம்புட்டுப் பெருசு?"

"சின்னதாக் கொண்டுபோனா எந்திரிச்சு உக்காந்து கிண்டல் பண்ணுவாங்கண்ணே."

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் டீச்சரை அறிந்தவர்கள். எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி வகுப்பு அவருடையது. நான் அதே பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர் சிக்கந்தர். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளி மலருக்கு டீச்சரைப் பற்றி எழுதித் தரும்படி மற்ற டீச்சர்கள் என்னிடம் கேட்டபோது, படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு என்றேன். "டீச்சரப் பத்தி அதிகமாப் பொலம்புனது நீங்கதான பாய்?" என்றார்கள். அது சரிதான். ஒரு மனிதரைப் பார்த்து வருஷக்கணக்கில் வயிறு எரிந்தவனுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

டீச்சர் வருவதற்கு முன்னால் எல்.கே.ஜி பிள்ளைகளுக்கு நான்தான் ராஜா. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று வேனுக்குள் என்ன நடக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாது. நீங்கள் கையசைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவீர்கள். ஒரு பிள்ளை ஆரம்பித்தால் போதும், வேன் முழுக்க ஒப்பாரி. நான் ஆடு மாதிரிக் கத்துவேன். யானைமலையைக் காட்டி, அது எழுந்து நம் பின்னால் வருகிறது பார் என்பேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் அம்மா மாதிரிப் பேசுவேன். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் இன்னும் பலமாக அழுவார்கள். அந்தப் பாதிச் சிரிப்பை வைத்து வருஷம் முழுக்க மார்தட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்த பிறகு ஒரு ஜூன் மாதம் வேனில் ஏறிய புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படப்புத்தகம் இருந்தது. முகம் கோணியிருந்ததே தவிர, சத்தம் இல்லை. நான் வழக்கம்போல ஆடு மாதிரிக் கத்தினேன். ஒரு பொடியன் என்னை நிமிர்ந்து பார்த்து, "சும்மா இருங்க மாமா, புக்கு பாக்கணும்" என்றான். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல்.

டீச்சர் செய்தது இதுதான். மே மாதத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போவார். என் வேனில்தான். பையில் படப்புத்தகங்கள் இருக்கும், எல்லாமே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பற்றியவை. வீட்டுக்குள் போனதும் மூன்றை எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் அம்மாவோடு பேச ஆரம்பித்துவிடுவார். அம்மாக்களுக்கு இது பொறுக்காது. "மிஸ்ஸுக்கு குட்மார்னிங் சொல்லு. ஏபிசிடி சொல்லிக் காட்டு" என்று பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். "பிள்ளய விடுங்கம்மா, எனக்கு டீ ஆறுது" என்பார் டீச்சர். டீ முடிவதற்குள் பிள்ளை ஒரு புத்தகத்தைத் தொட்டிருக்கும். அப்போதுதான் அதன் பக்கம் திரும்புவார். "இத வச்சுக்க. ஸ்கூல் தொறக்குற அன்னிக்குப் பத்திரமாக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துருவியா? நான் அங்கனதான் இருப்பேன்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போ என்றால் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை, ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றால் பெரிய மனுஷனாகிவிடுகிறது. கொடுக்க வந்த பிள்ளை அப்படியே வகுப்பில் உட்கார்ந்துவிடும். என் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அந்தப் புத்தகங்களை வாங்கப் போகும்போது பார்க்க வேண்டும். டவுனுக்குள் ஒரு கடை. கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே பெருமூச்சு விடுவார். டீச்சர் அட்டையைப் பார்ப்பதில்லை. முதல் பக்கத்தைப் பார்ப்பார், பிறகு நேராகக் கடைசிப் பக்கம். முதல் பக்கத்திலேயே பிள்ளை பல்லைக் காட்டிச் சிரித்தால் அந்தப் புத்தகம் போயிற்று.

"ஏன் டீச்சர், சிரிச்சா நல்லதுதான?" என்றார் கடைக்காரர்.

"அழுகுற பிள்ள இதப் பாத்தா, நம்ம மட்டுந்தான் இப்படின்னு நெனைக்கும்."

இன்னொன்றை நான் எடுத்து நீட்டினேன். பளபளவென்று இருந்தது. அதில் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா கதவு வழியே மெல்ல நழுவிவிடுகிறாள். டீச்சர் அதைப் பட்டென்று மூடினார். "சொல்லாம நழுவுற அம்மா வேணாம் பாய். அழுதாலும் பரவாயில்ல, சொல்லிட்டுப் போகணும்."

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இம்புட்டுக் கொற சொன்னா எந்தப் புக்குதான் டீச்சர் கரையேறும்?"

"கடைசிப் பக்கத்துல ஒரு ஆளு கூப்புட வரணும். அது இருந்தா மத்தத மன்னிச்சுருவேன்."

"அந்த ஆளு வேன்காரனா இருக்கலாமா?"

"இருக்கலாம், நேரத்துக்கு வந்தா" என்றார், என்னைப் பார்க்காமலே. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. என்னைக் கிண்டல் பண்ண மதுரையில் ஆள் கிடையாது என்று இருந்தவன் நான்.

என் மகள் ரிஸ்வானா, மூத்தவனுக்கு மீசை முளைத்த பிறகு பிறந்தவள். இந்த ஜூனில் அவளுக்குப் பள்ளிக்கூடம். மற்ற வீட்டுப் பிள்ளைகளை டீச்சர் எடுத்துக்கொள்ளட்டும், என் பிள்ளை என் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். டீச்சருக்கு முந்திக்கொண்டு, புத்தகத் திருவிழாவில் நானே ஒரு புத்தகம் வாங்கினேன். கண்ணும் மூக்கும் வைத்த ஸ்கூல் பஸ். அமுக்கினால் ஹாரன் அடிக்கும். ரிஸ்வானா ஒரு நாள் முழுக்க ஹாரன் அடித்தாள். என் மனைவி ஜன்னத் காதைப் பொத்திக்கொண்டு அலைந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மே மாதம் டீச்சர் என் வீட்டுக்கும் வந்தார். வழக்கம்போல மூன்று புத்தகங்கள், வழக்கம்போல டீ. ரிஸ்வானா ஹாரனை விட்டுவிட்டுப் போய் ஒரு மங்கலான புத்தகத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு பிள்ளை, தோளில் மாட்டிய பையை நாள் முழுக்கக் கழற்றவே மாட்டேன் என்கிறது. சாப்பிடும்போதும் பை, சறுக்கு விளையாடும்போதும் பை. யாரும் அதைக் கழற்று என்று சொல்வதில்லை. அவ்வளவுதான் கதை. இதில் என்ன இருக்கிறது? ஆனால் அன்றிலிருந்து அந்தப் புத்தகம் அவள் தலையணைப் பக்கத்தில். என் பஸ் அப்போதே கட்டிலுக்குக் கீழே போயிருந்தது.

டீச்சர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பாய், அந்தப் பஸ்ஸ எனக்குக் குடுங்க. மத்த வீட்டுல வச்சுப் பாப்போம்" என்று பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் அதையும் சேர்த்துப் பரப்பினார். எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவை அமுக்கின. ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது டீச்சர் சொன்னார்: "ஒங்களப் பாத்து ஒங்கள மாதிரியே வாங்கியிருக்கீங்க பாய். எல்லாருக்கும் சிரிப்பு வருது. கூட்டிக்கிட்டுப் போக மட்டும் யோசிக்குதுங்க." ஒத்தக்கடையில் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று, ஜூனில் ஒரு நாள்கூடத் தாமதமாக வரக்கூடாது என்று என்னை வைதார். அதுதான் கடைசி.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தைப் பார்த்தபோதும் எனக்குப் பொறாமைதான். நான் போனால் இதில் பாதிப் பேர் வருவார்களா என்று எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு தாயும் அடுத்தவளிடம், "எம் பிள்ளைன்னா டீச்சருக்குத் தனிப் பிரியம்" என்று அழுதுகொண்டிருந்தாள். எல்லோரையும் அப்படி நம்பவைத்திருக்கிறார். மீசை வைத்த பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவன் என்னைக் கண்டுகொண்டு, "மாமா, இன்னும் ஆடு மாதிரிதான் கத்துறீங்களா?" என்றான். அவருக்குக் கண்ணீர், எனக்கு ஆடு.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் வேறொன்று காத்திருந்தது. ரிஸ்வானா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எப்ப அத்தா ஸ்கூல் தொறக்கும்? மிஸ்கிட்டக் குடுக்கணும்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் எல்லா வீட்டுக்கும் போய் முடித்திருந்தார். புதுப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் புத்தகம் இருக்கிறது. எல்லோரிடமும், நான் அங்கனதான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாக்கள் போன் செய்தார்கள். "பாய், மிஸ் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருவோம். நீங்களும் அப்படியே சொல்லிருங்க." ஜன்னத்தும் அதையே சொன்னாள். "பச்சப் பிள்ளைங்ககிட்ட மிஸ் மௌத்தாயிட்டாங்கன்னா சொல்ல முடியும்? அப்பறம் எது உள்ள போகும்?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசலில் இல்லாத மிஸ்ஸைத் தேடி அத்தனை பிள்ளைகளும் கதறினால், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றாலே அவர்களுக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வரும். என் மகளுக்கும்தான். மனசுக்குள் டீச்சரோடு சண்டை போட்டேன். சொல்லாமல் நழுவும் அம்மா வேண்டாம் என்று கடையில் அத்தனை புத்தகங்களைத் தள்ளினீர்கள். நீங்கள் மட்டும் இப்படிப் போகலாமா டீச்சர்?

பள்ளி திறந்த அன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டேன். ஒவ்வொரு மடியிலும் புத்தகம். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால், புங்கமரத்துக்குக் கீழே வேனை நிறுத்தி, பின்னால் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். எஸ்தர் மிஸ் அங்க இருக்க மாட்டாங்க. அவங்க எறந்துட்டாங்க."

"நாளைக்கு வருவாங்களா?" என்றது ஒன்று.

"வர மாட்டாங்க."

"லீவு முடிஞ்சா?"

"லீவு இல்லடா தம்பி. இனிமே வரவே மாட்டாங்க."

ரிஸ்வானா கேட்டாள்: "எங்ககிட்டச் சொல்லாமயா போனாங்க?"

"அவங்களுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வீடு வீடா வந்து சொல்லிட்டுத்தான் போயிருப்பாங்க."

இரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. நான் எந்த வித்தையும் காட்டவில்லை. எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு பையன், "அப்ப இத யாருட்டக் குடுக்குறது?" என்றான். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வாசலில் புது மிஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. முகம் தெரியாத அவரிடம் இவர்கள் கொடுக்கப் போவதில்லை.

ரிஸ்வானா என்னை மேலும் கீழும் பார்த்தாள், அட்மிஷனுக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"மிஸ் ஒங்க வேன்லதான வந்தாங்க?"

"ஆமா."

"எல்லா வீட்டுக்கும் நீங்களும் போனீங்களா?"

"போனேன்."

"அப்ப நீங்க வாங்கிக்கங்க."

புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். கொடுக்க வந்ததைக் கொடுத்தாயிற்று என்பதுபோல இறங்கிவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். அழுதுகொண்டே கொடுத்த பிள்ளை உண்டு. கொடுக்க மாட்டேன் என்று மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கியவனும் உண்டு. அவனை நான் விட்டுவிட்டேன். ரிஸ்வானா நாலடி போய்த் திரும்பினாள். என் கையைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "கிழிச்சுறாதீங்கத்தா. சாயங்காலம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, தோளில் பையோடு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சருக்குக் கிடைக்க வேண்டியது இந்த முறை எனக்குக் கிடைத்தது. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் அவர் வாசலில் நின்று, என்னைப் பார்த்துக் கொஞ்சமாவது வயிறு எரிய வேண்டும் என்றல்லவா ஆசைப்பட்டேன்!

டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் புத்தகங்கள்தான். வேனின் முன் சீட்டில் இருக்கின்றன, அங்கே யாரையும் உட்கார விடுவதில்லை. புதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வரும் மே மாதம் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மூன்றைத் தரையில் பரப்பிவிட்டு, பிள்ளை ஒன்றை எடுக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளை எடுத்த பிறகு.