அறுபத்தொன்று காட்டிய கத்தி

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். முதல் ஷிப்டுக்கான கம்பெனி பஸ்கள் ஓசூர் சிப்காட் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. எல்லோரும் உள்ளே போனார்கள். தப்ரேஸின் பை மட்டும் வாசலில் நின்றுவிட்டது. காவலர் அழகர்சாமி மதுரைப் பக்கத்துக்காரர். ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தார். டிபன் டப்பாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று பெரிய கத்திகள் இருந்தன.

“என்ன பாய், கேண்டீன் சப்பாத்தி அம்புட்டு கெட்டியாவா இருக்கு?”

“சாம்பிள்ண்ணா. லேபுக்கு.”

“யார வெட்டுற சாம்பிள்?”

“யாரையும் இல்லண்ணா. மெஷின்ல வச்சு இரும்பு எவ்ளோ கடினம்னு பாக்கணும். ரெண்டு மணிக்கு எடுத்துனு போயிடுவன்.”

அழகர்சாமி பின்னால் நீண்டுகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். பதிவேட்டில் ‘சாம்பிள் – 3’ என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். “நாளைக்கு ஏதும் வம்பு வந்துச்சு, நான் உன்னயப் பாத்ததே இல்ல,” என்று சொல்லி உள்ளே விட்டார்.

தப்ரேஸுக்கு முப்பத்து மூன்று வயது. சொந்த ஊர் உத்தனப்பள்ளி. ஐடிஐ முடித்து மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி மாறினான். ஐந்தாவது இது. பதினொரு வருடமாக இங்கே ஒரே வேலை. உலையில் வெந்து வரும் கியர் பின்களை ராக்வெல் மெஷினில் வைத்துக் கடினத்தை அளக்க வேண்டும். ஐம்பத்தெட்டும் அதற்கு மேலும் காட்டினால் அடுத்த மேசைக்குப் போகும். கீழே வந்தால் சிவப்பு பெயின்ட் தொட்டுக் கழிவுப் பெட்டியில் போடுவான். உட்கார்ந்து செய்யும் வேலை. உட்கார முடியாத ஆளுக்கு அது எப்படி வாய்த்தது என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். மேசைக்குக் கீழே அவன் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வாரவிடுமுறை வந்தால் வீட்டில் இருக்கமாட்டான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

இந்த மாதம் அந்தக் கால் இன்னும் வேகமாக ஆடியது. உலைப் பிரிவு மொத்தத்தையும் குஜராத்துக்கு மாற்றப்போவதாக கம்பெனி அறிவித்திருந்தது. வர விருப்பமா என்று திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி வஜிஹா நேராகச் சொல்லிவிட்டாள். “நீங்க போறதுன்னா போங்க. நான் பின்னாடியே பெட்டி தூக்கினு வருவன்னு மட்டும் நெனைக்காதீங்க.”

தப்ரேஸ் நம்பியிருந்தது பாலாஜியை. பெங்களூரு ஐடி ஆட்களை வார இறுதிகளில் மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் சிறு நிறுவனம் நடத்துபவர். குழுத் தலைவர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவைத் தப்ரேஸ் நடத்திக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் வேலை. சாமான்களை அவனே கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. கயிறு, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி எல்லாம் இரண்டு நாளில் சேர்ந்துவிட்டன. ஏழாவது வரியில்தான் மாட்டிக்கொண்டான்: ‘பெரிய கத்தி ஒன்று. மடக்குக் கத்தி கூடாது.’

மூன்று வாரமாக அதே நினைப்பு. பஸ்ஸில் வீடியோ, சாப்பாட்டு மேசையில் வீடியோ. முதலில் ஆன்லைனில் ஒன்று வந்தது. முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி, தூண்டில் முள். கைப்பிடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தான். அலகு உள்ளே விரல்நீளம்கூடப் போகவில்லை. ஓங்கி நாலு போடு போட்டால் அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். இரண்டாவது, கெலமங்கலம் சந்தையில் வாங்கிய மச்சு, இந்தப் பக்கத்து வெட்டுக்கத்தி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, கனம், கரி பிடித்த நிறம், மரப்பிடி. மூன்றாவது, கூட வேலை செய்யும் ஒருவரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடியது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

டீ இடைவேளையில் மூன்றையும் மெஷினில் வைத்தான். வைர முனை இறங்கி, கடுகளவு குழி போட்டு ஏறியது. ஆன்லைன் கத்தி ஐம்பத்து மூன்று. சந்தை மச்சு நாற்பத்தொன்பது. வெளிநாட்டுக் கத்தி அறுபத்தொன்று.

நம்பிக்கை வராமல் மூன்றாவதை மறுபடி வைத்தான். அறுபத்தொன்று.

பதினொரு வருடமாக அவன் கண் அந்தத் திரையில் ஒன்றைத்தான் தேடியிருக்கிறது. ஐம்பத்தெட்டுக்கு மேல் நல்லது, கீழே கழிவு. கியர் பின் என்பது கியர் பெட்டிக்குள் எண்ணெயில் கிடந்து உருளும் பொருள். அதை யாரும் ஓங்கி அடிக்கப்போவதில்லை, பக்கவாட்டில் முறுக்கப்போவதும் இல்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. மச்சை அன்று மாலையே பரண்மேல் போட்டான்.

“எதத்தான் வெட்டப் போறீங்க?” வஜிஹா கேட்டாள். அவன் கத்தியால் பேப்பரை நூல் நூலாகச் சீவிக்கொண்டிருந்தான்.

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையும்னா?”

“காட்டுல என்னா வரும்னு யாருக்குத் தெரியும்.”

“ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு ட்ரே நெறைய கத்தி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேல. எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு எந்த டாக்டரும் கேட்டதில்ல.”

“இது காடு வஜிஹா.”

“அதான் சொல்றன். அங்க டாக்டரும் இல்ல.”

அவன் எழுந்து, கட்டிய பையை அவிழ்த்து, மூன்றாவது முறையாகக் கட்டினான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு நடை தொடங்கியது. பதினோரு பேர். வனத்துறை அனுமதிச் சீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. நான்கு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப்பின் ஓடைக்கு யானைகள் தண்ணீருக்கு இறங்கும். வழிகாட்டியாக மலையடி ஊரைச் சேர்ந்த ஆஞ்சப்பன் வந்திருந்தான். தப்ரேஸ் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு மச்சு, வேறு சாமான் இல்லை. பாலாஜி எல்லோரிடமும் சொன்னார். “இன்னிக்கு தப்ரேஸ்தான் லீடர். நான் உங்கள்ல ஒருத்தன். என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.”

தப்ரேஸ் வேகமாக நடந்தான். முன்னால் போனான், வளைவில் நின்றான், திரும்பி வந்தான், ஆட்களை எண்ணினான், மறுபடி முன்னால் போனான். ஆஞ்சப்பன் சிரித்தான்.

“பாய், இப்பிடியே போனா நீங்க மட்டும் இந்த மலைய ரெண்டு தடவ ஏறிடுவீங்க.”

ஒன்றரை மணிக்கு, திரும்பும் வழியில், ஓடைப் பாறையில் சௌமியா என்ற பெண் வழுக்கி விழுந்தாள். இருபத்தாறு வயது, அந்தக் குழுவிலேயே அதிகம் பேசிய ஆள். கணுக்கால் நிமிடத்துக்கு நிமிடம் வீங்கியது. கால் ஊன்ற முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஜீப் நிற்கும் இடம் இரண்டரை கிலோமீட்டர், அதில் பாதி ஏற்றம்.

தப்ரேஸ் அங்கே தடுமாறவில்லை. காலை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டினான். தார்ப்பாயை விரித்தான். இரண்டு பக்கமும் கழி செருகித் தூக்கிப்போகலாம் என்றான். ஓடைக் கரையில் காய்ந்து சாய்ந்த மூங்கில் கிடந்தது. பச்சை மரத்தைத் தொடக்கூடாது, இதைத் தொடலாம். உறையிலிருந்து கத்தியை எடுத்தான். பாலாஜி கை கட்டிக்கொண்டு பார்த்தார்.

முதல் நாலு வெட்டு அழகாக இறங்கின. ஐந்தாவது வெட்டு கணுவில் விழுந்தது. காய்ந்த மூங்கிலின் கணு கல் மாதிரி. சத்தம் மாறியது. அலகின் விளிம்பில் அரை நகம் அளவுக்கு ஒரு பிறை காணாமல் போயிருந்தது. தப்ரேஸ் அதைப் பார்த்தான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாலாஜி கேட்பார். கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, இன்னும் ஓங்கி அடித்தான்.

“பேடா பாய், வேணாம், நிறுத்துங்க,” என்று ஆஞ்சப்பன் கிட்டே வந்தான்.

அடுத்த அடியில் அலகிலிருந்து ஒரு சில்லு தெறித்தது. ஆஞ்சப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கிடையே ரத்தம். கையை எடுத்ததும் தெரிந்தது, வலது புருவத்துக்கு மேலே ஒரு கோடு. விரற்கடை கீழே கண்.

தப்ரேஸ் கத்தியைக் கீழே போட்டான். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை அழுத்திப் பிடித்தான்.

“கண்ணு தெரியுதா?”

“தெரியுது. உங்க மூஞ்சி வெளுத்துப்போயிருக்கறது நல்லாவே தெரியுது.” ஆஞ்சப்பன் இடுப்பிலிருந்து மச்சை உருவி நீட்டினான். “மணியாவுது. இத வச்சு வெட்டுங்க.”

அதுவும் ஸ்பிரிங் பட்டைதான். தப்ரேஸின் மெஷினில் வைத்திருந்தால் நாற்பத்தெட்டோ ஐம்பதோ காட்டியிருக்கும், சிவப்பு பெயின்ட் வாங்கியிருக்கும். கணுவில் பட்டபோது விளிம்பு மடங்கியது, உடையவில்லை. இரண்டு கழியும் பத்து நிமிடத்தில் தயார். மடங்கிய விளிம்பை ஆஞ்சப்பன் ஓடைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து நேராக்கிக்கொண்டான். நாலு பேர் நாலு பேராக மாற்றிச் சௌமியாவைத் தூக்கினார்கள். மூன்று ஐம்பதுக்கு ஜீப் தெரிந்தது. அவளை ஓசூர் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

பாலாஜி ஒரு தாளை நீட்டினார். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் தலைவர் எழுத வேண்டிய அறிக்கை. விபத்து, காயம், சாமான் பழுது, காரணம்.

பாலாஜி அந்தப் பக்கம் போனதும் ஆஞ்சப்பன் குனிந்தான். புருவத்தில் பிளாஸ்திரி. “கல்லுல பட்டு ஒடஞ்சிருச்சின்னு எழுதிக்கோங்க பாய். நான் ஒண்ணியும் சொல்லமாட்டன். எனக்கு என்னா, ஒரு கீறல்.”

தப்ரேஸ் பேனாவைத் திறந்து மூடினான், திறந்து மூடினான். நாளைக்குப் பத்து மணி. குஜராத். வஜிஹாவின் பெட்டி. அவனுக்குத் தெரிந்த அறிக்கை ஒன்றே ஒன்றுதான், கழிவாகும் கியர் பின்களுக்குக் கம்பெனியில் எழுதுவது. அதே பாணியில் எழுதினான்: ‘கத்தியில் குறையில்லை. இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தது தவறு. கடினம் 61. கடினம் மட்டும் பார்த்தேன், அடி தாங்குமா என்று பார்க்கவில்லை. மூங்கில் கணுவில் உடைந்தது. முதல் உடைப்பைப் பார்த்தபிறகும் நிறுத்தவில்லை. ஆஞ்சப்பனுக்குக் காயம். பொறுப்பு நான்.’

பாலாஜி நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தார்.

“முதல் உடைப்பு எனக்குத் தெரியல. நீங்க எழுதாட்டி தெரிஞ்சே இருக்காது.”

“ஆமா சார்.”

“ஏன் நிறுத்தல?”

“நீங்க பாத்துட்டு இருந்தீங்க.”

பாலாஜி டீ கிளாஸை வைத்தார். “லீடர் வேல இப்ப குடுக்க முடியாது தப்ரேஸ். ஒரு விரல் கீழ பட்டிருந்தா இந்த ஆளோட வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? பொண்ண நல்லாத் தூக்கினு வந்தீங்க, அது வேற.” அறிக்கையை மடித்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு மாசம் கடைசி ஆளா நடங்க. எல்லாருக்கும் பின்னாடி. யாரும் விட்டுப்போகாமப் பாக்கறவன். முன்னாடி போகக்கூடாது. காசு கம்மி. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி நடத்திக் காட்டுங்க. அதுக்கு மேல நான் இப்ப சொல்றதுக்கில்ல.”

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். வஜிஹா காயத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டாள், எத்தனை சென்டிமீட்டர், தையல் போட்டார்களா, ஊசி போட்டார்களா என்று. நாளைக்கு அந்த ஆளை ஊசிக்குக் கூட்டிவரச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“கடைசி ஆளா உங்களால நடக்க முடியுமா?”

“தெரியல.”

“நாஷ்டா வாங்கப் போனாக்கூட என்ன விட்டுட்டு நாலு கடை தாண்டிப் போயிடுவீங்க.”

“தெரியலன்னுதானே சொல்றன்.”

“ரெண்டு மாசம் என் சம்பளத்துல ஓட்டலாம். மூணாவது மாசத்துக்கு நான் வாக்கு குடுக்கமாட்டன்.”

திங்கள்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு அவன் அலுவலகத்தில் நின்றான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சரஸ்வதி, படிவங்களை வாங்கி அடுக்கும் பெண். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ‘விருப்பம்’ என்று எழுதியிருந்தார்கள். தப்ரேஸ் ‘விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்தான்.

“காரணம் காலியா இருக்குதுங்க. ஏதாச்சும் எழுதணும்.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது ஐம்பத்தாறு. ‘வேறு வேலை’ என்று எழுதினான்.

“என்ன வேலைங்க?” சரஸ்வதி கேட்டாள். “அதையும் போடச் சொல்லியிருக்காங்க.”

“வரிசையில கடைசியா நடக்கற வேல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பாள். ஜன்னல் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவன் விரல்களைப் பார்த்துவிட்டு, எழுதாமலே படிவத்தில் முத்திரை குத்தினாள்.