பெட்டையின் வெள்ளிக்கிழமை

ஆறு நாய்க்குட்டிகளில் நான் எடுத்தது, வேறு யாரும் எடுத்திருக்க மாட்டாத குட்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு எல்லாரும் தாங்கள் அப்போதே சொன்னதாகச் சொன்னார்கள். சொன்னார்கள்தான். நான் கேட்கவில்லை.

குட்டிகள் என் வேலைத்தோழியுடையவை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒன்பது வருடமாக நானும் அவளும் ஒரே மேசையில் கட்டில் விரிப்பு மடிக்கிறோம். இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள், சனிக்கிழமை தவறாமல் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போகிறவள். ஒருமுறை அவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. நாய்களைப் பின்தட்டில் ஏற்றுகிற அவளுடைய யூட் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. நான் ஓட்டிக்கொண்டு போனேன். கொண்டுபோய் விட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே இருப்பதாகத்தான் பேச்சு. ஹுனுவா மலையடிவாரத்தில் ஒரு மாட்டுப்பண்ணை. புல்வெளி முழுவதையும் பன்றிகள் கிண்டிக் கிளறிவிட்டன என்று பண்ணைக்காரர் கூப்பிட்டிருந்தார். நாய்கள் இறங்கின, மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்த்தன, ஒரு சத்தமும் இல்லாமல் காட்டுக்குள் போயின. எனக்கு வண்டிக்குள் இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், சல்வாரோடும் வேலைச் சப்பாத்தோடும் பின்னால் ஓடினேன். அன்று பிடித்த விசர் இன்னும் தெளியவில்லை.

எங்கள் ஆட்கள் நிறைந்த பிளாட் புஷ்ஷில் கதை பரவ எத்தனை நாள் வேண்டும்? கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே கேட்டார்கள். சைவ சமயக் குடும்பத்துப் பெண், அதுவும் பன்றி, அதுவும் நாயோடு. ஒருத்தி என் கையைப் பிடித்து, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று மெதுவாக விசாரித்தாள். ஒரு பிரச்சினையும் இல்லை, வேட்டை பிடித்திருக்கிறது என்றேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

குட்டி தெரிவு செய்வதற்குத் தோழி ஒரு முறை வைத்திருந்தாள். பன்றித்தோல் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் புல்லில் வளைத்து வளைத்து இழுத்துப்போய் ஒரு மரக்குற்றிக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். பிறகு குட்டிகளைத் திறந்துவிடுவாள். ஐந்து குட்டிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடித் தோலில் பாய்ந்து இழுத்தன. ஆறாவது, கறுப்புப் பெட்டை, அந்தக் கூட்டத்தில் சேரவேயில்லை. சுற்றிப் போய்க் காற்று தோலின் மணத்தைக் கொண்டுவரும் பக்கமாக நின்று, மூக்கைத் தூக்கி, நேரே குற்றிக்கு வந்தது. தோலைத் தொடவில்லை. நான்கு அடி தள்ளி நின்று அதைப் பார்த்துக் குரைத்தது, குரைத்தது, நிறுத்தவேயில்லை.

பாய்ந்து பிடிக்கிற நாய் ஒரு வகை, தூர நின்று குரைத்துப் பன்றியை நகரவிடாமல் மறிக்கிற நாய் இன்னொரு வகை என்று தோழி விளங்கப்படுத்தினாள். இது மறிக்கிற நாயாக வரலாம், வெறும் பயந்தாங்கொள்ளியாகவும் போகலாம் என்றாள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கூட்டத்தோடு போகாமல், தன் புத்தியில் சுற்றிப் போய், வந்து நின்று முகத்துக்கு நேரே சத்தம் போட்டதே, அது போதும். அதைத்தான் எடுப்பேன் என்றேன்.

ஒரு வேட்டைப் பருவம் வைத்துப் பார்ப்பதற்குத்தான் தந்தாள். வேலை செய்தால் என்னுடையது, செய்யாவிட்டால் அவளிடம் திரும்ப வேண்டும். திரும்பினால் என்ன செய்வாள் என்பதையும் ஒளிக்கவில்லை. பன்றி மணம் பழகிய நாயை வீட்டு நாயாக யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வராது; அது அடுத்த வீட்டுக்காரரின் ஆட்டைக் கிழித்துவிடும் என்ற பயம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போடுவாள். அழுதுகொண்டுதான் போடுவாள், ஆனால் போடுவாள். என் கணவரும் வேலை செய்யாத நாய்க்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், கடவுள் பக்தி உள்ளவர், கெட்ட மனிதர் இல்லை. நாயை மட்டும் பிடிக்காது.

பெயர் ஒன்றும் வைக்கவில்லை, பெட்டை என்றே கூப்பிட்டோம். நான் தமிழில்தான் பழக்கினேன். இஞ்சை வா, இரு, விடு, தேடு. ஒரு வருடம் முழுக்க, வேலை முடிந்து வந்து ஓடைக்கரைப் பாதையில் கயிறு கட்டி நடத்தி, ஆடு மாடு பார்த்தால் திரும்பக்கூடாது என்று பழக்கி, கழுத்தில் இடம் காட்டுகிற காலரும் மார்பில் தடித்த கவசமும் போட்டுப் பழக்கினேன். எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் அதற்கும். நாய்க்கென்று தனியாகத் தகரத்தில் அடைத்ததை வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வராது.

பருவம் தொடங்கியது. முதல் சனிக்கிழமை பெட்டை விடிந்ததும் ஒரு மணி நேரம் நன்றாகத் தேடியது. ஒன்பது மணிக்கு மெதுவாகியது. பத்து மணிக்கு என் காலடிக்கு வந்து படுத்துவிட்டது. மற்ற நாய்கள் எதிர்மலையில் குரைக்கின்றன, இது நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது. எனக்கும் அந்த நேரத்துக்குக் கால் நடுங்கும், கண் இருட்டும். வயது என்று நினைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே ஒரு வேரில் உட்கார்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே. அதற்கடுத்ததும். ஐந்து சனிக்கிழமை. இடையில் ஒரு பொதுவிடுமுறைத் திங்கட்கிழமை போனோம், அன்று மட்டும் பெட்டை பின்னேரம் வரை ஓடி, ஒரு பெண்பன்றியைத் தனியே மறித்து நின்றது. நான் துள்ளாத குறை. தோழி, அது குருட்டு அதிர்ஷ்டம் என்றாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி பத்து மணிக்குப் படுக்கை.

அன்று சப்பாத்துச் சேற்றைக் கழுவும்போது தோழி சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னும் ரெண்டு சனி பார்ப்பம். அதுக்குப் பிறகு என்னட்டைத் தா. உன்னாலை செய்ய ஏலாது, நான் செய்யிறன்."

வண்டியில் பெட்டை என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் தடாலென்று வைத்தேன். என்ன முகம் இது என்று கணவர் கேட்டார். என்ரை முகம்தான் என்றேன்.

தோழி தந்த இரண்டில் முதல் சனிக்கிழமை, ஓடையைக் கடந்து ஏறும்போது பெட்டை நின்று, முதுகை வளைத்து, வாந்தி எடுத்தது. வெள்ளைச் சோறு. பருப்பு. பூசணித் தோல் துண்டுகள் அப்படியே. தோழி குனிந்து பார்த்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேற்று இதற்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். நேற்று வெள்ளிக்கிழமை, என்னத்தைக் கொடுப்பேன் என்றேன். நாளைக்கு வேலை செய்கிற பிள்ளை என்று, பூசை முடிந்த பிறகு இரண்டு தட்டுச் சோறு வயிறு முட்டப் போட்டேன். எல்லா வெள்ளியும் அப்படித்தான்.

அவள், வேட்டைக்கு முதல் நாள் மத்தியானத்தோடு இறைச்சி கொஞ்சம், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை என்றாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முதல் நாள் என்ன கொடுத்தாய் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சி அவித்தது. பின்னேரம் பிறந்தநாள் வீடு ஒன்றுக்குப் போனதில் இரவுச் சோறு போட மறந்துவிட்டேன்.

ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி, சோம்பேறி, குருட்டு அதிர்ஷ்டம் என்று என்னவெல்லாம் பெயர் அதற்கு! பாவம், வயிறு நிறையச் சோற்றைச் சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறது. என் வீட்டு விரதத்துக்காக அதற்கு ஊசி போடப் பார்த்தோம். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். தோழியின் குளிர்ப்பெட்டியிலிருந்து பன்றி ஈரல் கேட்டு வாங்கி வந்து, கராஜுக்குள் காஸ் அடுப்பு வைத்து, ஒரு பழைய சட்டியில் அவித்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டி அலுமாரியை விட்டு வெளியே வராது. முப்பது வருடமாக வந்ததில்லை. அன்றைக்கென்று கணவருக்கு வேலை முன்னுக்கு முடிந்துவிட்டது. கோயிலுக்குப் போகக் குளிக்க வந்தவர் கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்ன மணக்குது?"

"பண்டி ஈரல்."

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அகதி முகாமில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் வெள்ளி விரதத்தை விடவில்லை என்றும், முப்பது வருட விரதத்தை ஒரு கண்டறியாத நாய்க்காகக் கெடுக்கிறேன் என்றும் மெதுவாகத்தான் சொன்னார். அது உண்மை. முகாமில் அவர் மீன் குழம்பைப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டு வெறும் சோறு தின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அந்த முப்பது வருசமும் ஆர் சமைச்சது? விரதம் உங்கடை. நீங்கள் பிடியுங்கோ, நான் மறிக்கேல்லை. நாய் விரதம் பிடிக்கேல்லை. அதுக்கு நாளைக்கு உயிர்ப் பிரச்சினை."

அவர் குளிக்காமலே கோயிலுக்குப் போகத் திரும்பி, பிறகு நினைவு வந்து குளியலறைக்குப் போனார். பெட்டை ஈரலைத் தின்று சட்டியையும் நக்கியது. இரவு சோறு கேட்டு வந்தபோது தண்ணீர் மட்டும் வைத்தேன்.

மறுநாள், கடைசிச் சனிக்கிழமை, மழைத் தூறல். ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது, பெட்டை படுக்கவில்லை. பதினொன்றுக்குக் கையிலிருந்த, காலரின் இடம் காட்டுகிற சின்னத் திரையில் அதன் புள்ளி இரண்டு மலை தாண்டி ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டது. காற்றுத் திரும்பியதும் அதன் குரல் கேட்டது. விட்டு விட்டு இல்லை, ஒரே சீராக. தோழி ஓடத் தொடங்கிவிட்டாள். நான் வேரையும் கொடியையும் பிடித்து, விழுந்து, எழுந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம் எடுத்தது. முக்கால் மணி நேரமும் அந்தக் குரல் நிற்கவில்லை. மண்சரிவில் முதுகை வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆண்பன்றி. அதற்கு நான்கு அடி தள்ளிப் பெட்டை. பன்றி இடம் பாய்ந்தால் இடம், வலம் பாய்ந்தால் வலம். தொடவும் இல்லை, விடவும் இல்லை. தோழியின் பிடிநாய்கள் இரண்டும் வந்து காதைப் பிடித்தன, அவள் கத்தியோடு இறங்கி வேலையை முடித்தாள். பெட்டை இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"விடு," என்றேன். நிறுத்திவிட்டு என்னிடம் வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு கீறல்கூட இல்லை அதன்மேல்.

தோழி கத்தியைப் புல்லில் துடைத்தாள். "பெட்டை உன்ரை," என்றாள். பன்றியில் பாதி அவர்களுடைய மராயே என்கிற குலமன்றத்தில் ஒரு சாவீட்டுச் சாப்பாட்டுக்குப் போனது, மீதி எங்கள் இருவர் வீட்டு நாய்களுக்கும். இறங்கி வரும் வழியில் என் கால்கள் பழையபடி நடுங்கின. பெட்டை முன்னால் ஓடி, திரும்பிப் பார்த்து, காத்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு நேரம்தான் சாப்பாடு. மரக்கறிச் சோறு, அதுவும் பூசை முடிந்து, எல்லாருக்கும் போட்ட பிறகு. கல்யாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். விரதம் பிடிக்கிறாயா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளி மத்தியானம் கராஜில் அடுப்பு மறுபடி எரிந்தது. கணவர் வாசலில் வந்து நின்றார். இந்த முறை மூக்கைச் சுளிக்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தார். இரண்டு சட்டி இருந்தது. ஒன்று பழையது, பெட்டையின் ஈரல். மற்றது அலுமாரியிலிருந்து எடுத்த மச்சச் சட்டி, அதில் ஆட்டிறைச்சி, தூள் போட்டுத் தாளித்துக் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சட்டி ஆருக்கு?"

"எனக்கு. நாளைக்கு நானும் மலை ஏற வேணும்."